அக்காவும் தங்கையும் அடித்துக்கொள்ளும் மாலை வேளை: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: எனக்கு இரண்டு மகள்கள். மூத்தவளுக்கு ஐந்தரை வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். இளையவளுக்கு இரண்டே கால். பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். நான் வேலை முடிந்து மாலை ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பிக்கிற சண்டை, இருவரும் தூங்கும்வரை ஓய்வதில்லை. ‘இரண்டு பெண் குழந்தைகள், வீடே கலகலவென்று இருக்குமே’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ இருவரையும் விலக்கிவிடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. அவர்களோடு சந்தோஷமாக இருக்க என்ன செய்வது? மூத்தவளை மாலையில் நடன வகுப்பில் சேர்த்தால் சண்டை குறையுமா?

பதில்: சண்டை சரியாக ஆறரைக்குத் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பாதி விடை இருக்கிறது. மூத்தவள் பள்ளியில் அடங்கி உட்கார்ந்துவிட்டுக் களைத்து வந்திருக்கிறாள், பசி வேறு. இளையவள் மதியம் தூங்கி எழுந்து தெம்பாக இருக்கிறாள். இருவருமே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கதவு திறந்ததும் இருவருக்கும் ஒரே அம்மாதான் வேண்டும். நீங்கள் கைப்பையை வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனால், உங்களைத் திரும்பிப் பார்க்க வைக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அடித்துக்கொள்வது ஒன்றுதான்.

ஆகவே முதல் கால் மணி நேரம் அடுப்பும் வேண்டாம், போனும் வேண்டாம். முகம் கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு பேரும் மடியில் ஏறட்டும். கையில் ஏதாவது தின்னக் கொடுங்கள்: வாழைப்பழம், அவல், சுண்டல், எதுவாக இருந்தாலும் சரி. சுண்டல் என்றால் இளையவளுக்கு மசித்துத்தான் தர வேண்டும். முழுக் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் இந்த வயதில் தொண்டையில் சிக்கும். இந்தக் கால் மணி நேரத்தை முதலிலேயே கொடுத்துவிட்டால், அதன்பின் நீங்கள் சமைக்கப் போவதை இருவராலும் பொறுத்துக்கொள்ள முடியும்.

அடுத்து விளையாட்டு. ‘இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுங்கள்’ என்று சொல்லி அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் அழுகுரல் கேட்பது இயல்பு. அமெரிக்காவின் மினசோட்டாவில் பாலர் பள்ளிக் குழந்தைகளை உட்கார்ந்து கவனித்த மில்ட்ரெட் பார்ட்டன், 1932இல் ஒன்றை விளக்கி எழுதினார்: சிறு குழந்தைகள் முதலில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து தனித்தனியே விளையாடுகிறார்கள், பொருளையும் பேச்சையும் பகிர்வது பிறகு வருகிறது, திட்டம் போட்டுச் சேர்ந்து விளையாடுவது அதற்கும் பிறகு. உங்கள் மூத்தவள் விதிகள் உள்ள விளையாட்டுக்கு வந்துவிட்டாள். இளையவளுக்கு விதி என்றால் என்னவென்றே தெரியாது. அக்கா அடுக்கியதை அவள் தட்டிவிடுவது குறும்புக்காக அல்ல, விழுந்தால் சத்தம் வருகிறதே, அதற்காக.

இருவருக்கும் வெவ்வேறு வேலை இருக்கிற விளையாட்டைக் கொடுத்துப் பாருங்கள். சொப்பு சாமான் இதற்கு அருமையானது. மூத்தவள் கடைக்காரி, இளையவள் வாங்க வருகிறவள். மூத்தவள் விலை சொல்வாள், கணக்குப் பார்ப்பாள். இளையவளுக்குக் கிண்ணத்தை வாங்கி இன்னொரு கிண்ணத்தில் கொட்டினாலே போதும். மருத்துவர் விளையாட்டும் அப்படியே. பல்லாங்குழியை மட்டும் இளையவள் தூங்கும்போது எடுங்கள். புளியங்கொட்டையும் சோழியும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. அந்த நேரத்தில் நீங்களும் மூத்தவளும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடினால், தங்கை குறுக்கே வராத அம்மா அவளுக்குக் கொஞ்ச நேரம் கிடைப்பாள். அவள் ரொம்ப நாளாக அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஜூடி டன் என்ற உளவியலாளர் கேம்பிரிட்ஜ் பகுதிக் குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டுக்குப் போய்க் கவனித்தார். அந்த ஆய்வு 1982இல் நூலாக வந்தது. கைக்குழந்தைக்கும் மனசு உண்டு, அதற்கும் பசி, பயம், ஆசை உண்டு என்று மூத்த குழந்தையிடம் பேசிவந்த தாய்மார்களின் வீடுகளில், பின்னாளில் குழந்தைகள் இருவரும் ஒருவரோடு ஒருவர் கூடுதல் நட்போடு இருந்தார்கள். இதைச் செய்யக் காசு வேண்டாம், தனியாக நேரமும் வேண்டாம். வீட்டில் நடக்கிற எந்த வேலையோடும் செய்யலாம்.

காலையில் தலை பின்னுகிற நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவள் மணையில் உட்கார்ந்திருக்கிறாள், நீங்கள் வகிடு எடுக்கிறீர்கள், சிக்கு இழுக்கும்போது அவள் முகம் சுளிக்கிறது. இளையவள் எதிரே நின்று அதையே பார்க்கிறாள், பிறகு தானும் முகத்தைச் சுளித்துக்கொள்கிறாள். பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில் ‘நீ அந்தப் பக்கம் போ’ என்ற குரல்தான் எழும். அதற்குப் பதில் ரிப்பனை அவள் கையில் கொடுத்து, ‘அக்காவுக்கு வலிக்கிறது போலிருக்கிறதே, என்ன செய்யலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள். அக்காவின் கன்னத்தை அவள் தடவிக் கொடுக்கலாம், ஊதிவிடலாம், ரிப்பனைத் தன் தலையில் வைத்துக்கொண்டு சிரிக்கலாம். பிறகு மூத்தவளிடம், ‘உன் ரிப்பனையே அவள் எப்படிப் பார்க்கிறாள் பார், அவளுக்கு என்ன தோன்றும்?’ என்று கேளுங்கள். ‘அவளுக்கும் பின்னிவிட வேண்டுமாம்’ என்று மூத்தவள் மொழிபெயர்த்துச் சொல்வாள். இளையவளுக்கு இருக்கிற நாலு முடியில் ஒரு குட்டிக் குடுமி போட்டுவிடுங்கள். பள்ளி வண்டி வருவதற்குள் இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். நீங்கள் தேடுகிற சந்தோஷம் இப்படிப்பட்ட வேலைகளுக்குள்ளேதான் இருக்கிறது: எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, சோறு பிசைந்து மாறி மாறி உருட்டிக் கொடுக்கும்போது, உலர்ந்த துணியில் யாருடைய சட்டை எது என்று இளையவள் கண்டுபிடிக்கும்போது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குக் கூட்டிப் போவதும் நல்லதுதான். ஆனால் மற்ற ஆறு நாள் மகிழ்ச்சியையும் அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

சண்டை அப்படியும் வரத்தான் செய்யும். அடி, கடி, தள்ளுதல் என்று போனால் உடனே நடுவில் புகுந்து விலக்குங்கள். வெறும் கூச்சல் என்றால் சற்றுப் பொறுங்கள். ‘யார் முதலில் எடுத்தது?’ என்று விசாரணை வைக்காதீர்கள். ‘ஒரு பொம்மை இருக்கிறது, இரண்டு பேருக்கும் வேண்டுமாம்’ என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். வழியை மூத்தவளே பல சமயம் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்தால் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

‘நீ அக்காதானே, விட்டுக்கொடு’ என்ற வாக்கியத்தை உங்கள் வீட்டிலிருந்து அனுப்பிவிடுங்கள். மாமியாரிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள். ஐந்தரை வயதுக் குழந்தையும் குழந்தைதான். அக்காவாகப் பிறந்ததற்கு அபராதம் கட்டுவதுபோல நாள்தோறும் விட்டுக்கொடுத்தால் தங்கை மேல் எப்படிப் பாசம் வரும்? அவளுக்கென்று தங்கை கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தட்டு ஒதுக்குங்கள். அதில் இருப்பது அவளுடையது, யாருக்கும் தர வேண்டியதில்லை. தனக்கென்று ஒன்று நிச்சயமாக இருக்கிற குழந்தைக்கு மற்றதைப் பகிர்வது சுலபம்.

வீட்டுக்கு வருகிற உறவினர்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ‘மூத்தவள் சமத்து, சின்னவள் வாலு’, ‘இவள் சிவப்பு, அவள் மாநிறம்’, ‘இரண்டும் பெண்ணாகப் போய்விட்டதே’ என்ற பேச்சுகள் குழந்தைகள் காதுபடவே நடக்கின்றன. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. மரியாதைக்காக நீங்கள் சும்மா இருந்தால் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று மூத்தவள் எடுத்துக்கொள்வாள். ‘எங்களுக்கு இரண்டு பேருமே ஆசைப்பட்டுப் பிறந்தவர்கள், அத்தை’ என்று அவர்கள் முன்னாலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்.

தூக்கத்தையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, இளையவள் வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. மூத்தவளுக்கும் 10 மணி நேரமாவது வேண்டும். மதியத் தூக்கம் நாலரை, ஐந்து மணி வரை நீண்டால் இளையவள் இரவு பத்துக்கும் துள்ளுவாள், களைத்துப்போன அக்கா எரிந்து விழுவாள். மூன்றரைக்குள் எழுப்பிவிடும்படி மாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவுக் கதையை அப்பாவிடம் ஒப்படையுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் கொஞ்சம் காலை நீட்டி உட்காரலாம்.

நடன வகுப்பைக் கேட்டிருந்தீர்கள். அவளே ஆசைப்பட்டால் தாராளமாகச் சேருங்கள், ஆனால் சனிக்கிழமை காலையில் நடக்கிற வகுப்பாகப் பாருங்கள். மாலையில் அனுப்பினால், தங்கை அம்மாவோடு இருக்க, தன்னை மட்டும் வெளியே அனுப்புகிறார்கள் என்றுதான் அவளுக்குப் படும். வார நாளில் மட்டுமே வகுப்பு இருக்கிறது என்றால் அடுத்த ஆண்டு சேர்த்துக்கொள்ளலாம்.