குஞ்சுக்கு ஐந்து விரலா?

*சில்கிச் சேவலை எங்கள் நாட்டுப் பெட்டையோடு விட்டோம். பொரித்த ஒன்பதில் ஆறு குஞ்சுக்கு ஐந்து விரல், இரண்டுக்கு நான்கு. ஒன்றுக்கு இடக்காலில் ஐந்து, வலக்காலில் நான்கு! அடையில் வேறு முட்டை கலந்துவிட்டதா? (வேலந்தாவளம்)*

கலக்கவில்லை, பெட்டையைச் சந்தேகப்படாதீர்கள். கோழிக்கு நான்கு விரல்தான் வழக்கம். சில்கி, டார்க்கிங், ஃபாவரோல், ஹூடான், சுல்தான் போன்ற சில இனங்களுக்கு மட்டும் ஐந்து. இந்தக் குணம் ஓங்கு குணம், அதாவது தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஆனால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மரபணு இருந்தும் சில குஞ்சில் விரல் வெளியே தெரியாது, சிலதில் ஒரு காலில் மட்டும் தெரியும். உங்கள் இடக்கால் வலக்கால் குஞ்சு அந்த ரகம். நான்கு விரல் குஞ்சு இரண்டும்கூட அந்த மரபணுவை ஒளித்து வைத்திருக்கலாம், நாளைக்கு அவற்றின் குஞ்சுகளில் ஐந்தாம் விரல் எட்டிப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். கோழியின் இந்த விரல் மெண்டலின் பரம்பரை விதிப்படி இறங்குவதை 1902இலேயே ஆங்கிலேய மரபியலாளர் பேட்சன் காட்டிவிட்டார்.

குஞ்சு பொரித்து ஈரம் காய்ந்ததும் உள்ளங்கையில் மல்லாத்திப் பிடித்துப் பின்பக்கம் பாருங்கள். கீழே இருக்கும் பின்விரல் தரையில் படியும். அதற்கு மேலே இன்னொன்று, தரையைத் தொடாமல் மேல்நோக்கி வளைந்து நின்றால் அதுதான் ஐந்தாவது. சேவலின் முள்ளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முள் அதற்கும் மேலே கால் தண்டில், வயது ஏறிய பிறகு வரும்.

*ஐந்து விரல் இருந்தால் சுத்தமான சில்கி என்று சொல்லி, ராசி என்றும் சேர்த்து, சந்தையில் இரட்டை விலை கேட்கிறார்கள். வாங்கலாமா? (கோபாலபுரம்)*

இறகைத் தடவிப் பார்த்தீர்களா? சில்கியின் பஞ்சு இறகு ஒடுங்கு குணம், அதாவது தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும். முதல் கலப்பில் அது மறைந்துபோய்ச் சாதா இறகு வரும், ஐந்தாம் விரல் மட்டும் தங்கிவிடும். ஆகவே விரலை எண்ணிச் சுத்தம் சொல்ல முடியாது. ராசி கதை புதிதும் அல்ல. ஐந்து விரல் கோழியே உயர்சாதி என்று ரோமானியர் காலத்திலேயே கொலுமெல்லா என்ற வேளாண் நூலாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கும் ஒரு வியாபாரி இருந்திருப்பார்.

*கூடுதல் விரலை வெட்டிவிடலாமா? (மீனாட்சிபுரம்)*

வேண்டாம். அதற்குள் எலும்பு இருக்கிறது. அந்த விரலால் குஞ்சுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தரையில் உரசாததால் நகம் மட்டும் நீண்டு சுருளும். அவ்வப்போது நுனியைக் கத்தரித்தால் போதும். உள்ளே ரத்தக் குழாய் ஓடுகிறது, ஒட்ட வெட்டாதீர்கள்.

*இரண்டு வாரக் குஞ்சு. இரண்டு காலிலும் விரல்கள் உள்பக்கம் மடங்கிவிட்டன, முட்டியில் உட்கார்ந்தே நகர்கிறது. கலப்பினால்தானே? நொய்யரிசிதான் போடுகிறோம். (கொழிஞ்சாம்பாறை)*

கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. கைமுட்டி மடக்கியதுபோல் விரல் சுருள்வது பெரும்பாலும் ரிபோஃப்ளேவின், அதாவது பி2 சத்துக் குறைவு. நொய்யில் அது மிகக் குறைவு. இன்றே குஞ்சுத் தீவனத்துக்கு மாற்றுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி, பி-காம்ப்ளெக்ஸ் மருந்தை அவர் சொல்லும் அளவில் தண்ணீரில் கொடுங்கள். சீக்கிரம் பிடித்தால் எழுந்து நடக்கும். தள்ளிப்போட்டால் கால் நரம்பு கெட்டுப்போய்த் திரும்பாது. அடைக்கு முட்டை எடுக்கும் தாய்க்கோழிக்கும் சத்துத் தீவனம் வேண்டும், குஞ்சு கருவிலேயே பட்டினி கிடந்தால் பொரித்த பிறகு நீங்கள் என்ன செய்வது?

*விரல் பக்கவாட்டில் கோணியிருக்கிறது, ஆனால் குஞ்சு நன்றாக ஓடுகிறது. (வேலந்தாவளம்)*

இது வேறு. இன்குபேட்டரில் சூடு ஏறி இறங்கினாலும், வழுக்கும் தரையில் விட்டாலும் வரும். நானே ஒரு வருடம் பெட்டியில் செய்தித்தாள் விரித்துக் கெடுத்துக்கொண்டேன். காகிதத்தில் கால் நிற்காமல் குஞ்சுகள் சறுக்கிக்கொண்டே இருந்தன. இப்போது பழைய சாக்குதான் போடுகிறேன். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் என்றால், மெல்லிய அட்டையைப் பாத அளவில் வெட்டி, விரல்களை விரித்து வைத்து, மருந்துக்கடை டேப்பால் இறுக்காமல் ஒட்டுங்கள். ஓரிரு நாளில் பிரித்துப் பாருங்கள். வளர்ந்த கோழி என்றால் விட்டுவிடலாம்.

*இரண்டு விரல் தோலால் ஒட்டியிருக்கிறது. பிரித்துவிடலாமா? (குமுளி)*

கத்தி வைக்காதீர்கள். வளரட்டும், முட்டையும் இடட்டும். இந்தக் குறை குஞ்சுக்கும் இறங்கலாம், அடைக்கு மட்டும் அதன் முட்டையை எடுக்காதீர்கள்.