ஆறு பாலிசி இருந்தும் அப்பாவைக் கொன்ற நோய்க்குக் காப்பு இல்லை

கேள்வி: எனக்கு வயது 41. மனைவி, இரண்டு குழந்தைகள், வீட்டுக்கடன் உண்டு. சம்பளத்தில் 9 சதவீதம் காப்பீட்டுக்கே போகிறது: மூன்று விபத்து பாலிசிகள், பயணக் காப்பீடு ஒன்று, புற்றுநோய் பாலிசி ஒன்று, கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் திட்டம் ஒன்று. எல்லாம் மைத்துனர் மூலம், ஏதாவது பெரிய விபத்துச் செய்தி வந்த கையோடு எடுத்தவை. இப்போது ஒரு விமான விபத்துக்குப் பிறகு இன்னொன்று எடுக்கச் சொல்கிறார். மறுத்தால் மனைவி வருத்தப்படுவார். என் அப்பா 58 வயதில் மாரடைப்பில் போனார். என்ன செய்வது?

பதில்: எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

2019-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 5.5 கோடிப் பேர் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய 1.8 கோடிப் பேரைக் கொண்டுபோனவை இதய நோயும் பக்கவாதமும், அதாவது மூன்றில் ஒருவர். சாலை விபத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சம் பேர், நூற்றுக்கு இரண்டு. பயணிகள் விமான விபத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் சில நூறு பேர். விபத்து, தற்கொலை, வன்முறை எல்லாம் சேர்த்தாலும் நூற்றில் எட்டுதான். உங்கள் வயதில் இந்தப் பங்கு கூடும் என்பது உண்மை. 5 முதல் 29 வயதுக்காரர்களை அதிகம் கொல்வது சாலைதான். ஆனால் 40-ஐத் தாண்டியவருக்கு நோய்தான் முதல் எதிரி. மாரடைப்புகள் செய்தியில் வருவதில்லை, அதனால் நீங்கள் பயப்படவில்லை.

நீங்கள் அனுப்பிய நகல்களைப் படித்தேன். மூன்று விபத்து பாலிசிகளிலும் ஒரே நிபந்தனை: மரணம் 'வெளிப்புறமான, கண்ணுக்குத் தெரியும்' காரணத்தால் நேர்ந்திருக்க வேண்டும். அடைத்துக்கொண்ட ரத்தக்குழாய் இதில் சேராது.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். குடும்பச் செலவு சம்பளத்தில் 55 சதவீதம் என்கிறீர்கள். 15 ஆண்டுகளுக்கு அது சுமார் 100 மாதச் சம்பளம். கடன் பாக்கி 60 மாதச் சம்பளம். ஆக, தேவை 160. நீங்கள் சாலையில் இறந்தால் மனைவிக்கு 164 மாதச் சம்பளம் கிடைக்கும். படுக்கையில் நெஞ்சு வலித்து இறந்தால் அலுவலகக் குழுக் காப்பீடும் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும் திட்டமும் சேர்ந்து 14. இரண்டிலும் குழந்தைகளுக்கு ஆகும் செலவு ஒன்றுதானே?

ஆகவே, காரணத்தைப் பார்த்துப் பாலிசி வாங்குவதை நிறுத்துங்கள். எதனால் இறந்தாலும் பணம் தரும் சாதாரண டேர்ம் பாலிசி ஒன்று, 150 மாதச் சம்பளத்துக்கு எடுங்கள். கட்டிய பணம் திரும்ப வரும் வகையை யார் காட்டினாலும் தள்ளிவையுங்கள். திரும்பத் தருவதற்காகவே பிரீமியத்தைக் கூட்டி வாங்குகிறார்கள். புதிய பாலிசி கைக்கு வந்த பிறகு, விபத்து பாலிசிகளில் ஊனத்துக்கும் பணம் தரும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் புதுப்பிக்காமல் விடுங்கள். அவசரப்பட்டு அதற்கு முன் எதையும் விட்டுவிடாதீர்கள்.

மைத்துனரிடம் சண்டை வேண்டாம். 164, 14 என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, மனைவியையும் உட்காரவைத்துக் காட்டுங்கள். டேர்ம் பாலிசியை மைத்துனரிடமே வாங்குவதிலும் தவறில்லை. விண்ணப்பத்தை மட்டும் நீங்களே நிரப்புங்கள். பெற்றோரின் நோய் பற்றிய கேள்வி வரும். அப்பாவின் மாரடைப்பை, 58 என்ற வயதோடு, மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், கூடட்டும். அதை மறைத்தால், உங்கள் மனைவி பணம் கேட்டுப் போகும் நாளில் அந்த ஒரு வரியைக் காட்டியே மறுத்துவிடக்கூடும்.