நான்கு வயதில் வரலாறு: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவை

மழலையர் பள்ளி ஆசிரியராகவும், பின்னர் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்றுநராகவும் இருந்தவள் நான். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு வரலாற்றையும் சமூக அறிவியலையும் சொல்லிக்கொடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எல்.கே.ஜி. படிக்கும் என் மகனுக்குத் தலைவர்களின் பெயரையும் பிறந்த ஆண்டையும் மனப்பாடம் செய்து வரச் சொல்கிறார்கள். பிழையில்லாமல் ஒப்பிக்கிறான். ஆனால் "காந்தித் தாத்தா நம்ம வீட்டுக்கு எப்ப வருவாரு?" என்று கேட்கிறான், அம்மா. (ஒரு தாய், திருச்சி)

பதில்: ஒப்பித்ததைவிட அவன் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்திருக்கிறது. 1869 என்பது அவனுக்கு வெறும் ஓசை. "நாளைக்குக் கோயிலுக்குப் போனோமே" என்று சொல்லும் வயதில், கடந்து போனவை எல்லாம் ஒரே குவியலாகத்தான் மனத்தில் கிடக்கும். அந்தக் குவியலிலிருந்து முன்பு, பிறகு என்ற இரண்டையும் பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுப்பதே இந்த வயதின் வரலாற்றுப் பாடம். உங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். கிழித்த தாளை எறியாமல் ஒரு கயிற்றில் வரிசையாகக் கோர்க்கச் செய்து, மழை பெய்த நாளின் தாளில் குடையையும், அத்தை வந்த நாளின் தாளில் அத்தையையும் வரையச் சொல்லுங்கள். ஒரு மாதம் போனால் "அத்தை எப்ப வந்தாங்க?" என்ற கேள்விக்கு அவன் கயிற்றோரமாக நடந்து போய்ப் பதிலைத் தொட்டுக் காட்டுவான்.

1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியின் வழியில் நடக்கும் பள்ளிகளில், பிறந்தநாள் குழந்தை ஒரு சிறிய உலக உருண்டையைக் கையில் ஏந்தி, சூரியனாக ஏற்றி வைத்த மெழுகுவர்த்தியை வயதுக்கு ஒரு சுற்றாக வலம் வரும் வழக்கம் உண்டு. ஆண்டு என்பதைக் காலால் நடந்து அறிகிற பாடம் அது.

காந்தியைப் பற்றி உண்மையையே சொல்லுங்கள். அவர் இறந்தது 1948-இல். ஆகவே "உன் தாத்தா பிறக்கிறதுக்கு முன்னாடியே அவர் இறந்துட்டார்" என்பது பெரும்பாலான வீடுகளில் பொருந்தும். தாத்தாவை வைத்துத்தான் அவனால் காலத்தை அளக்க முடியும்.

கேள்வி: எங்கள் மையத்தில் இருபது குழந்தைகள். வரலாற்றுக்கென்று எந்தக் கருவியும் இல்லை, டீச்சர். (அங்கன்வாடிப் பணியாளர், விழுப்புரம்)

பதில்: எவர்சில்வர் பாத்திரம் இருக்கிறதல்லவா? பெயர் வெட்டிய டம்ளர் ஒன்றை ஒவ்வொரு குழந்தையின் வீட்டிலிருந்தும் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் பணியாற்றிய மையமொன்றில் ஒரு சிறுமி கொண்டுவந்த சொம்பின் கழுத்தில், புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தில், அவளுடைய பாட்டியின் பெயரும் திருமண நாளும் இருந்தன. எழுத்து தெரியாத குழந்தைகள் அதை விரலால் தடவிப் பார்த்தார்கள். இது யாருடையது, யார் கொடுத்தது, எப்போது, ஏன் என்று நாங்கள் கேட்ட நான்கு கேள்விகளையும்தான் கல்வெட்டு ஆய்வாளரும் கேட்கிறார். மறுநாள் பாட்டியே மையத்துக்கு வந்து விடை சொன்னார். கல்வெட்டு ஆய்வாளருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பழைய நாணயங்களும் நன்றாக உதவும். 25 பைசாவும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாமல் போயின. ஆகவே பல வீடுகளில் டப்பாவில் சும்மா கிடக்கும். விளிம்பு நெளிந்த பத்துப் பைசாவைத் தாளுக்கு அடியில் வைத்து மெழுகு வண்ணக்குச்சியால் தேய்த்தால் உருவம் மேலே எழும்பி வரும். நாணயத்தை வாயில் போடும் வயதுப் பிள்ளைகளை மட்டும் அருகில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகளைக் கீழடிக்கு அழைத்துச் செல்லலாமா? (ஒரு தந்தை, மதுரை)

பதில்: தாராளமாக. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் முழுவதையும் காட்ட முயலாதீர்கள். ஒரு குழந்தைக்கு இரண்டு பொருள்கள் போதும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பானை ஓடுகளில் ‘ஆதன்’ போன்ற பெயர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. டம்ளரில் பெயர் பார்த்த குழந்தைக்கு அது உடனே விளங்கும். திரும்பி வந்தபின் களிமண்ணில் அவள் பெயரைக் கீறச் செய்யுங்கள்.

கேள்வி: சுதந்திர தினத்துக்கு மாறுவேடம் போடச் சொல்கிறார்கள். பாரதியார் மீசை குத்துகிறது என்று குழந்தை அழுகிறது.

பதில்: மீசையைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ‘நமக்கு உதவுபவர்கள்’ என்று படம் ஒட்டிக் கற்பிக்கிறோம். ஒரு குழந்தை, "எங்க வீட்ல வேலைக்கு வர்ற அக்காவுக்கு மட்டும் ஏன் வேற டம்ளர்?" என்று கேட்டுவிட்டது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. (மழலையர் பள்ளி ஆசிரியர், கோவை)

பதில்: உங்கள் படங்கள் சொல்லாததை அந்தக் குழந்தை கண்டுபிடித்திருக்கிறது. பேச்சை மாற்றாமல், "அப்படி வைப்பது சரியில்லை, எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான்" என்று நேராகச் சொல்லுங்கள். தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அந்தப் பதிலுக்குப் பின்னால் நிற்கிறது. பிறகு பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள்; அது குழந்தை சுமக்க வேண்டிய செய்தி அல்ல. படத்துக்குப் பதிலாகத் தூய்மைப் பணியாளரை வகுப்புக்கு அழைத்து, குழந்தைகளோடு உட்கார்ந்து, அதே டம்ளர்களில் தேநீர் அருந்தச் செய்யுங்கள். அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எந்தத் தெருவில் குப்பை அதிகம் என்று பிள்ளைகளே கேட்கட்டும்.

கேள்வி: என் மாமியார் 1990-இல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் வந்து மண்டபம் அகதிகள் முகாமில் தங்கியவர். நான்கு வயதுப் பேத்தியிடம் இதைச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், அவரே சொல்லட்டும், ஆனால் தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம். மன்னாரில் அவர் விளையாடியது, வீட்டு முற்றம், தின்றது என்று தொடங்கட்டும். ஏன் வந்தீர்கள் என்று பேத்தி கேட்டால், "அங்கே சண்டை நடந்தது, பயந்து வந்தோம், இப்போது உன்னோடு இருக்கிறேன்" என்பது இந்த வயதுக்குப் போதும். அவர் ஆமாம் என்பதற்கு ‘ஓம்’ என்பதையும் நாற்காலியைக் ‘கதிரை’ என்பதையும் வீட்டில் யாரும் திருத்த வேண்டாம். கதிரை என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து அந்தக் கரைக்கு வந்தது. அந்தக் கதைக்குப் பேத்தி இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம்.