பேலன்ஸ் போர்டில் நின்றால் வாசிப்பு வருமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 8. கற்றல் குறைபாடு என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் மேசைமேல் சரிந்துவிடுகிறான். ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை. சமநிலைப் பயிற்சி கொடுத்தால் வாசிப்பும் வந்துவிடும் என்கிறது ஒரு மையம். சேர்க்கலாமா?

பதில்: வாசிப்புக்காக என்றால் வேண்டாம். பேலன்ஸ் போர்டில், அதாவது ஏறி நின்றால் ஆடும் பலகையில் பழகினால் பேலன்ஸ் போர்டில் நிற்க வரும். எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. இரண்டு சிக்கலும் ஒரே பிள்ளைக்கு இருப்பது சகஜம். அதை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரிடம், எதை அளந்து முன்னேற்றம் காட்டுவீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு மாறும். வாசிப்புக்கு, ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் படிப்படியாகச் சொல்லித்தரும் சிறப்பாசிரியர்தான் வேண்டும்.

அவன் சரிவது சோம்பலால் அல்ல. உடம்பை நிமிர்த்திப் பிடிக்கவே கவனம் செலவாகிறது. அதட்டினால் ஒரு நிமிடம் நிமிர்வான், அவ்வளவுதான். முதலில் நாற்காலியைப் பாருங்கள். பாதம் முழுதும் தரையில் படிய வேண்டும். எட்டாவிட்டால் காலடியில் ஆடாத பலகை போடுங்கள். இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே 2, 3 விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் முதுகுக்குப் பின்னால் கெட்டியான திண்டு வையுங்கள். மேசை, மடக்கிய முழங்கையைவிடச் சற்றே உயரமாக இருக்கட்டும். அதிகம் உயர்ந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், தாழ்ந்தால் கூன் விழும். பக்கம் பக்கமாக மதிப்பீட்டு அறிக்கை எழுதுகிறார்கள்; நாற்காலியின் உயரத்தை மட்டும் யாரும் அளப்பதில்லை!

படி இறங்கத் தடுமாறினால் படியிலேயே பழக்குங்கள், தினம் 10 நிமிடம். ஒற்றைக் காலுக்கு, முதலில் உள்ளங்கை சுவரில். பிறகு ஒரு விரல். அப்புறம் விரலும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போவது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஏறுவது, கெண்டைக்கால் பருத்துத் தெரிவது ஆகியவை தசைச்சிதைவு நோயாக இருக்கலாம். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது; கற்றல் சிரமமும் கூடவே வரலாம். அதனால்தான் 'கற்றல் குறைபாடுதானே' என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் 'சிகே' என்ற நொதியின் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் துப்புக் கிடைத்துவிடும். தள்ளாட்டத்தோடு காலை நேரத் தலைவலியும் வாந்தியும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவரிடம் போகும்போது, அவன் தரையிலிருந்து எழுவதைச் செல்போனில் எடுத்துக்கொண்டு போங்கள். 5 நிமிடச் சந்திப்பில் யாரும் அவனைத் தரையில் உட்காரச் சொல்லிப் பார்க்கப்போவதில்லை.