மாமா வீடு வேண்டாம், விடுதி அறை போதும்

ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் கோவையில் மெக்கட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியின் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் படிக்கத் தேர்வாகியிருக்கிறாள். அவள் முன்னால் இரண்டு இடங்கள்: ஒன்று பிராங்க்ஃபர்ட் பக்கம், இன்னொன்று துரிங்கியா மாநிலத்தில் இல்மெனாவ் என்ற சிறிய ஊர். பிராங்க்ஃபர்ட்டில் தாய்மாமா இருக்கிறார். "பொண்ணு யாரோடும் சட்டென்று பழக மாட்டாள், அதனால் மாமா வீட்டிலேயே தங்கட்டும் என்கிறாள் என் மனைவி. என் தம்பியோ, ஒரு செமஸ்டருக்கு எதற்கு இவ்வளவு செலவு, படிப்பு முடிந்ததும் அமெரிக்காவுக்கு எம்.எஸ். அனுப்பு என்கிறான். என்ன செய்வது?"

ஐயா, உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் இரண்டு யோசனைகளுமே உங்கள் மகளுக்கு ஆகாது.

முதலில் தம்பி சொல்வதை எடுத்துக்கொள்வோம். எம்.எஸ். என்றால் பல லட்சம் கடன், வீட்டுப் பத்திரம், வட்டி. வெளிநாட்டில் தன்னால் இருக்க முடியுமா என்று அதுவரை தெரியாத பெண்ணை அந்தக் கடனோடு விமானம் ஏற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பரிமாற்ற செமஸ்டரில் அது ஆறே மாதத்தில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்து இறுதியாண்டை முடிப்பாள், எதுவும் போகாது. அங்கே எழுதும் பாடங்களின் மதிப்பெண்ணைக் கல்லூரி ஏற்றுக்கொள்ளும்படி, புறப்படும் முன்பே பாடப்பட்டியலில் மகள், இங்குள்ள கல்லூரி, அங்குள்ள பல்கலைக்கழகம் என்று மூன்று தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

செலவைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான ஒப்பந்தப்படி போகும் மாணவிக்கு அங்கே படிப்புக் கட்டணம் இருக்காது. படிப்புக்கு இங்கே கட்டுவதைக் கட்டினால் போதும். விசாவுக்காக மாதம் 992 யூரோ வீதம், முடக்கப்பட்ட கணக்கு என்ற வங்கிக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வரம்பு உள்ளது) பணம் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ, ஏறத்தாழ 6 லட்ச ரூபாய். இது யாருக்கும் கட்டும் கட்டணம் இல்லை. உங்கள் மகளின் பெயரிலேயே இருந்து, மாதா மாதம் அவள் கைக்கு வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள். சிக்கனமாக இருந்தால் மிஞ்சவும் செய்யும். இந்தத் தொகையைக் கடன் வாங்கித்தான் போட வேண்டும் என்றால், போக வேண்டாம். ஏஜென்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கல்லூரியின் அயல்நாட்டுப் பிரிவு செய்ய வேண்டிய வேலை அது.

இப்போது மாமா வீடு. அங்கே இருந்தால் வயிறு நிறையும், உங்களுக்கும் தூக்கம் வரும். ஆனால் வகுப்பு முடிந்ததும் ரயில் பிடித்து மாமா வீட்டுக்கு ஓடும் பெண்ணுக்கு யார் நண்பராவார்கள்? ஜெர்மன் மாணவர்கள் தாமாக வந்து பேச்சுக் கொடுப்பது குறைவு. ஒரே ஆட்கள், ஒரே இடம், ஒரே நேரம் என்று வாரம் தவறாமல் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் பழக்கம் ஊறும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது உண்மையில் வசதி. முதல் நாளே கலகலப்பாகப் பேசிக் கவர வேண்டியதில்லை, தொடர்ந்து வந்தால் போதும்.

அதனால் என் ஓட்டு இல்மெனாவுக்கு. மலையும் காடும் சூழ்ந்த ஊர். கோவையில் ஒரு பேட்டை அளவுதான் இருக்கும். வளாகம், விடுதி, கடை எல்லாம் நடந்து போகும் தூரம். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் ஏராளம். 1993 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களே ஒரு சர்வதேச மாணவர் வாரம் நடத்துகிறார்கள்.

அங்கே விடுதிகளை நடத்துவது துரிங்கியா மாணவர் நல அமைப்பு. அறைகளில் இரண்டு வகை உண்டு: தனக்கென்று அடுப்போடு தனி அறை, அல்லது படுக்கை அறை மட்டும் தனியாகவும் சமையலறை பொதுவாகவும் உள்ள குடியிருப்பு. நம் வீடுகளில் எல்லாரும் முதல் வகையைத்தான் கேட்பார்கள். நான் இரண்டாவதைச் சொல்கிறேன். பொதுச் சமையலறையில் ஆளுக்கொரு அலமாரித் தட்டு, ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு அடுக்கு, சுவரில் இந்த வாரம் யார் பெருக்க வேண்டும் என்ற பட்டியல். மாலை ஆறு மணிக்கு ஒருவர் ரொட்டி அறுப்பார், ஒருவர் பாஸ்தா வேகவைப்பார். உங்கள் மகள் பேசக்கூட வேண்டாம், அங்கே நின்று வெங்காயம் அரிந்தால் போதும். தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். கடுகும் மிளகாயும் பொரியும் புகைக்கே கூரையில் இருக்கும் எச்சரிக்கைக் கருவி அலறிவிடும்.

இன்னொன்றையும் சொல்லி அனுப்புங்கள். "சாப்பிடுறியா?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் மரியாதைக்கு "வேண்டாம்" என்பார்கள், நாமும் விடாமல் தட்டில் வைப்போம். அங்கே "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான், இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். முதல் தடவையே "சரி" சொல்ல வேண்டும்; மலையேற வருகிறாயா என்றாலும் அப்படியே. பக்கத்திலிருக்கும் 861 மீட்டர் கிக்கல்ஹான் குன்றுக்குப் போய்வந்தாலே இரண்டு பேராவது அறிமுகமாவார்கள். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் பேட்மின்டனோ, சுவரேறும் பயிற்சியோ, குறைந்த கட்டணத்தில் வாரம் ஒரு வகுப்பில் சேரட்டும். புறப்படும் முன் ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 முடித்துவிடட்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் சமையலறைப் பேச்சு ஜெர்மனில்தான் ஓடும்.

நம் ஊர்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழு முதல் வாரத்துக்குப் பெரிய உதவி. ஊர்ப் பதிவு (குடியிருக்கும் முகவரியை ஊர் அலுவலகத்தில் பதிவது), சிம் கார்டு, ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள். அதோடு நின்றுவிடக் கூடாது.

அம்மாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நீங்கள் சாப்பிட்டு முடித்து இரவு பத்தரைக்கு வீடியோ கால் போட்டால், அங்கே மாலை ஆறு. சமையலறை நிறையும் அந்த ஒரு மணி நேரத்தை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள். ஞாயிறு மதியம் மூன்றரைக்குப் பேசுங்கள். அங்கே காலை பதினொன்று. மற்ற நாளில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். டிசம்பரில் நாலு மணி தாண்டியதுமே இருட்டிவிடும், அப்போது அழுதாலும் அழுவாள். கேளுங்கள், உடனே டிக்கெட் போடாதீர்கள்.

துரிங்கியாவைப் பற்றி மாமா பயந்தால் அது பொய்ப் பயம் இல்லை. 2024 மாநிலத் தேர்தலில் குடியேற்றத்தை எதிர்க்கும் கட்சி அங்கே முதலிடம் பிடித்தது. இரவு நேரத்தில் தனியாகப் பயணம் போவதைத் தவிர்க்கட்டும், ஏதாவது நடந்தால் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவும் வரவேற்புக் குழுவின் துணை மாணவரிடமும் அயல்நாட்டு அலுவலகத்திலும் உடனே சொல்லட்டும். மாமா எண் கையில் இருக்கட்டும், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போகட்டும்.

கடைசியாக, இத்தனை பெரிய கடிதத்தில் உங்கள் மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. சித்தப்பா, அத்தை யாரும் இல்லாத நேரத்தில் அவளைத் தனியாகக் கேளுங்கள். போக விருப்பமில்லை என்றால் அங்கேயே இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள், கௌரவத்துக்காக அனுப்ப வேண்டாம். போகிறேன் என்றால் விடுதி விண்ணப்பத்தை இந்த வாரமே போடச் சொல்லுங்கள், அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். எந்த வகை அறை என்று கேட்கும் கட்டத்தை அவளே நிரப்பட்டும்.