ராக் குழுவில் ஒருவர் கூடினால் நேரலையில் ஒலி ஏன் மாறுகிறது?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: "நிர்வானா மூவர் குழுதானே? 1993 தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நான்காவது ஆள் எதற்கு?"

அது செப்டம்பர் 25 அன்று நியூயார்க்கிலிருந்து ஒளிபரப்பான 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நேரலை நிகழ்ச்சி. நான்காமவர் பாட் ஸ்மியர், இரண்டாவது கிட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே கலைஞர் பல அடுக்குகளை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். மேடையில் நிர்வானாவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான கர்ட் கோபைனுக்கு இருந்தவை இரண்டு கைகள்; பாடவும் வேண்டும். அவர் தனி வாசிப்புக்குப் போனால், கீழே பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் மட்டுமே மிஞ்சும்.

நம் செட்டிநாட்டுக் கோயில் திருவிழாவில் நாகஸ்வரம் கேட்டிருப்பீர்கள். பெரியவர் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டாம் நாகஸ்வரம் இழையை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஸ்மியர் செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான்.

சிக்கலும் உண்டு. இரண்டு கிட்டார்களும் ஒரே சுருதிப் பரப்பில் ஒலித்தால், ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் நான்கு அத்தைகள் சேர்ந்து பேசியது போல ஆகிவிடும். (எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அனுபவித்திருக்கிறேன்.) ஒலிப்பொறியாளர் ஒத்திகையிலேயே இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும், நேரலையில் திருத்த இடமில்லை.

அதே ஆண்டு நவம்பரில் அவர்கள் வாசித்த 'எம்டிவி அன்பிளக்ட்' நிகழ்ச்சியை இதனோடு ஒப்பிடாதீர்கள். அது பதிவு செய்யப்பட்டு டிசம்பரில் ஒளிபரப்பானது.