வாசகர் கேள்வி பதில்: தேயிலையில் கியூடெக்ஸ் ரிமூவரா?

கேள்வி: கஃபீன் நீக்கிய தேயிலையை கியூடெக்ஸ் ரிமூவரில் ஊறப்போட்டுத்தான் செய்கிறார்கள் என்று மகள் சொல்கிறாள். உண்மையா?
- வாசகி, ஹட்டன்

பதில்: பாதி உண்மை. 'அசிட்டோன் இல்லாதது' என்று போட்டு விற்கும் ரிமூவர்கள் பலவற்றில் இருப்பது எத்தில் அசிட்டேட், கஃபீன் நீக்கும் முறைகளில் ஒன்றிலும் அதே திரவம்தான். வினாகிரியில் உள்ள அசிட்டிக் அமிலமும் மதுசாரமும் சேர்ந்தால் வருவது அது. பழுத்த பழங்களிலும் தானாகவே கொஞ்சம் உண்டாகும், அதைச் சாக்காக வைத்துத்தான் சிலர் பெட்டியில் 'இயற்கை முறை' என்று அச்சடிக்கிறார்கள், எனக்கென்னவோ அது வியாபாரப் பேச்சாகத்தான் படுகிறது. ஆனால் கஃபீனைக் கரைத்தெடுத்த பிறகு இலைக்கு நீராவி பாய்ச்சி அந்தத் திரவத்தை விரட்டிவிடுகிறார்கள், 77 பாகை செல்சியஸிலேயே கொதித்துப் போகிற சாமான், கோப்பையில் பயப்படும் அளவுக்கு மிஞ்சாது. காபனீரொட்சைட்டைக் கொண்டு செய்யும் முறையும் இருக்கிறது, செலவு கூட. நான் பயப்படுவது ரிமூவர் போத்தலுக்குத்தான். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், விறகடுப்பு எரிகிற குசினியில் உட்கார்ந்து மகளை நகம் துடைக்க விடாதீர்கள்.

கேள்வி: உள்ளே இருக்கும் தகட்டை 'டிக்' என்று மடக்கினால் சூடாகும் பை ஒன்று வாங்கினோம். கொதிநீரில் போட்டால் திரும்பப் பாவிக்கலாமாம். இங்கே தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதிக்கிறதே, சரிவருமா?
- வாசகர், நுவரெலியா

பதில்: தாராளமாக. உள்ளே இருப்பது சோடியம் அசிட்டேட், வினாகிரியில் அப்பச்சோடா போட்டு நுரை அடங்கியதும் கரைசலில் மிஞ்சுகிற அதே உப்பு. 58 பாகையில் உருகிவிடும், உங்கள் ஊர்த் தண்ணீர் 94 வாக்கில்தான் கொதிக்கிறது. ஒரு வெள்ளைப் பொட்டுகூட மிஞ்சாமல் உருகட்டும், மிஞ்சினால் ஆறும்போதே அதைச் சுற்றி உறைந்து சூடு வீணாகும்.

கேள்வி: கொழுந்து எடுக்கும்போது மாமியை மலைத்தேனீ கொட்டியது. வாழைப்பழ வாசம் அடித்தது என்கிறார், நாங்கள் சிரித்தோம்.
- வாசகர், மஸ்கெலியா

பதில்: சிரிக்காதீர்கள். அது ஐசோஅமைல் அசிட்டேட், வாழைப்பழ எசன்ஸில் போடுகிற அதே பொருள், கொட்டும் தேனீ அதை வெளிவிட்டுத்தான் மற்றவற்றைக் கூப்பிடுகிறது. மலைத்தேனீயிடம் சீக்கிரம் ஆவியாகாத இன்னொரு அசிட்டேட்டும் உண்டு, அதனால் அதன் கோபம் லேசில் அடங்காது. கொடுக்கு தோலில் நிற்கும்வரை வாசமும் நிற்கும். அங்கேயே நின்று அடித்துக் கொல்லப் பார்த்தால் இன்னும் கூட்டம் வரும், முதலில் ஓடிவிட்டு அப்புறம் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். நிறையக் கொட்டியிருந்தாலோ மூச்சு வாங்கினாலோ சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.